மணல் போனது வேறு கணக்கு
"புதுச்சேரியில் மணல் போனதற்குத் துறைமுகச் சுவர்தான் காரணம், ஆகவே கடல் ஏறுகிறது என்பது கட்டுக்கதை" என்கிறீர்கள். முதல் பாதி பெரும்பாலும் சரிதான். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகப் போட்ட அலைத்தடுப்புச் சுவர்கள், வடக்கே நகரும் மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது.

ஆனால் கரை எங்கே நிற்கிறது என்பதை வைத்து யாரும் கடல்மட்டத்தை அளப்பதில்லையே! கரையில் நடும் கடல்மட்டமானியிலேயே சிக்கல் உண்டு: நிலம் தாழ்ந்தால் கடல் ஏறியதாகக் காட்டும். விண்ணிலிருந்து ரேடார் அலை அனுப்பிக் கடல்பரப்பின் உயரத்தை அளக்கும் செயற்கைக்கோள் உயரமானிக்கு அந்தத் தொல்லை இல்லை. 1993 முதல் உலகச் சராசரி ஏற்றம் சுமார் 10 சென்டிமீட்டர். உருகும் பனியோடு, சூடேறி விரியும் நீரும் இதற்குக் காரணம். கடலில் மிதந்தும் மூழ்கியும் தானே அளவெடுக்கும் ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம்வரை அந்தச் சூட்டை அளக்கின்றன. நகரக் கட்டடங்களின் சூடுதான் வெப்ப அளவைக் கூட்டிக் காட்டுகிறது என்ற சாக்கும் இங்கே செல்லாது, நடுக்கடலில் கட்டடம் ஏது?