பதிவேட்டைப் படிக்காமல் ஃபார்மட் அடிக்கச் சொல்லாதீர்கள்

கணினியில் எந்தக் கோளாறு வந்தாலும், அது என்ன கோளாறு என்று ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல் "ஃபார்மட் அடிச்சிருங்க அண்ணாச்சி", அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள் என்று சொல்லும் வழக்கம் நம் திருநெல்வேலிச் சீமையில் வேரூன்றிவிட்டது. காய்ச்சல் என்று வந்தவனின் நாடியைக்கூடப் பிடிக்காமல் காலை எடுத்துவிடலாம் என்று சொல்லும் வைத்தியரை இந்த ஊர் சும்மா விடுமா? கணினி என்றால் மட்டும் ஏன் தலையை ஆட்டிவிட்டுக் காசையும் கொடுத்துவிட்டு வருகிறோம்?

கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று ராதாபுரத்திலிருந்தும் மானூரிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வந்தவர்கள், பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுத, கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள். அப்படி ஒரு திங்கட்கிழமைதான் என் கணினியில் வைஃபை காணாமல் போயிருந்தது. விண்டோசுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான உபுண்டு ஓடும் கணினி அது. சிக்னல் குறைவு என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அமைப்புகள் பக்கத்தில் வைஃபை அடாப்டரே இல்லை என்று ஒற்றை வரி நின்றது. வழக்கமாகக் கணினி பார்க்கும் தம்பியைக் கைப்பேசியில் அழைத்தேன். "இன்னுமா இந்த லினக்ஸைக் கட்டிக்கிட்டு அழுதிய? கார்டு செத்திருக்கும், இல்லன்னா ஓஎஸ் கரப்ட் ஆயிருக்கும். எதுக்கும் ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுருவோம்" என்றார். கணினியைக் கண்ணால் பார்க்காமலே தீர்ப்பு வந்துவிட்டது.

கார்டும் சாகவில்லை, இயங்குதளமும் கெடவில்லை. நடந்தது இதுதான். உபுண்டு 24.04 வெளிவந்தபோது அதில் இருந்தது 6.8 கெர்னல்; இயங்குதளத்தின் உட்கருதான் கெர்னல். பிறகு வந்த புதுப்பிப்பு அதை 6.11-க்கு மாற்றியது. என் மடிக்கணினியில் இருக்கும் வைஃபை சில்லுக்கு, அதைச் செய்த நிறுவனம் மூலநிரலை (மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை) முழுமையாக வெளியிடாததால், அதை இயக்கும் நிரலான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே வருவதில்லை. தனிப் பொதியாக நிறுவ வேண்டும். கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அந்த டிரைவரைப் புதிய கெர்னலுக்கு ஏற்ப மறுபடியும் கட்டும். கெர்னலுக்குள் ஏதோ ஒரு நிரற்கூறின் பெயரோ வடிவமோ மாறியிருந்தால் அந்தக் கட்டுமானம் பாதியில் நின்றுவிடும், வைஃபை போய்விடும். எந்தக் கோப்பில், எந்த வரியில், எதனால் நின்றது என்பதெல்லாம் டிகேஎம்எஸ் அடைவுக்குள் இருக்கும் பதிவேட்டில் (லாக் கோப்பில்) எழுதப்பட்டிருந்தது. கணினி தன் நோயைத் தானே எழுதி வைத்திருந்தது. அதைத் திறந்து படிக்கத்தான் ஆள் இல்லை.

இதில் என்னைக் கொதிக்க வைப்பது வேறொன்று. உபுண்டு பழைய கெர்னலை உடனே தூக்கி எறிவதில்லை. கணினியை மறுபடி இயக்கும்போது எதைத் துவக்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியலை வரவழைத்து, கூடுதல் விருப்பங்களுக்குள் போய், முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் போதும்; வைஃபை திரும்பி வந்துவிடும். அன்றைய வேலையை முடித்துவிட்டு, டிரைவருக்கான திருத்தம் வரும்வரை பழைய கெர்னலிலேயே இருந்துகொள்ளலாம். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகாத இந்த வேலைக்குப் பதிலாக, வருடக்கணக்கில் சேர்ந்த மனுக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பையும் துடைத்து எறியச் சொல்கிறார்கள். சரி, துடைத்துவிட்டு உபுண்டுவையே புதிதாக நிறுவினால் சரியாகிவிடுமா? ஆகாது. அப்போதைய 24.04.2 நிறுவல் வட்டிலேயே 6.11 கெர்னல்தான் இருந்தது. கோப்பெல்லாம் போன பிறகும் அதே வைஃபை இல்லாத திரையின் முன்னால்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஃபார்மட் சொல்லாதவர்கள் கட்டளை சொல்கிறார்கள். எந்த ஆண்டு, எந்தப் பதிப்புக்காக எழுதியது என்று தெரியாத ஒரு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, முன்னால் நிர்வாகி அதிகாரம் தரும் 'சூடோ' போட்டு ஓட்டிப் பாருங்கள் என்கிறார்கள். 2017-இல் 17.10 பதிப்பிலேயே உபுண்டு, வலையமைப்பை அமைக்கும் புது முறையான நெட்பிளானுக்கு மாறிவிட்டது. இன்றும் பழைய 'இன்டர்ஃபேசஸ்' கோப்பைத் திருத்தச் சொல்லும் ஆள் இருக்கிறார். அனுமதிச் சிக்கல் என்றால் அடைவு முழுவதற்கும் 777 போடு, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்க, திருத்த, இயக்க விடு என்பவரை என்ன சொல்வது? வீட்டில் ஒரு பூட்டு இறுகிக்கொண்டது என்பதற்காக எல்லாக் கதவையும் கழற்றச் சொன்னால் கேட்போமா என்று முகத்துக்கு நேராகவே அவரிடம் கேட்டுவிட்டேன். கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் டிரைவர் சரியாகக் கட்டப்பட்டாலும் கையொப்பச் சாவியைப் பதிவு செய்யாவிட்டால் கெர்னல் அதை ஏற்றாது. அந்தப் பதிவுக்கான நீலத் திரை மறுதொடக்கத்தில் சில நொடிகள் மட்டும் நின்றுவிட்டுப் போய்விடும். இதை முன்கூட்டியே சொல்கிறவர் ஒருவர்கூட என் கண்ணில் படவில்லை.

"இலவசமாகக் கிடைத்ததற்கு இவ்வளவு எதிர்பார்க்கலாமா" என்ற பேச்சும் காதில் விழுகிறது. நான் குறை சொல்வது மென்பொருளை எழுதியவர்களை அல்ல. அவர்கள் பதிவேட்டையும் பழைய கெர்னலையும் நம் கையில் கொடுத்துத்தான் இருக்கிறார்கள். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையம் உருவாக்கியது அது. பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் நான் பார்த்த பிள்ளைகள் பலரின் கணினியில், பழுது பார்க்கக் கொடுத்த முதல் தடவையே அந்தப் பகுதியை அழித்துத் திருட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். ஒரு தலைமுறை லினக்ஸைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பைக் கேட்காமலேயே பறித்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பிரிண்டர் கதை இதைவிட மோசம். கடையின் லேசர் பிரிண்டர் ஒருநாள் 'ஃபில்டர் ஃபெயில்ட்' என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிட்டது. வந்தவர்கள் டோனரை மாற்றச் சொன்னார்கள், கேபிளை மாற்றச் சொன்னார்கள், கடைசியில் பிரிண்டரையே மாற்றச் சொன்னார்கள். அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளின் பிழைப் பதிவேட்டைத் திறந்தால், கோப்பைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றித் தர நிறுவனம் கொடுத்த வடிகட்டி நிரலை (ஃபில்டரை) இயக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று எழுதியிருந்தது. அடைவுக்குள் போய்ப் பார்த்தால் கோப்பு அங்கேயே இருக்கிறது! கண்ணெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்று கணினி சொன்னால் யாருக்கும் தலை சுற்றும். 'ஃபைல்' என்ற கட்டளையை அதன் மேல் ஓட்டிய பிறகுதான் அது 32 பிட் நிரல் என்பது தெரிந்தது. என் 64 பிட் கணினியில், அதை நினைவகத்தில் ஏற்றி ஓடவிட வேண்டிய 32 பிட் ஏற்றி என்ற சிறு நிரலும் அதற்கான நூலகமும் இல்லை. இல்லாதது அந்த ஏற்றிதான், பிழைச் செய்தியோ நிரலைக் கைகாட்டுகிறது. ஐ386 என்ற 32 பிட் கட்டமைப்பைச் சேர்த்து, அதற்குரிய சி நூலகத்தை நிறுவியதும் பிரிண்டர் ஓடியது.

யாரும் படித்து, திருத்தி, பகிரக்கூடிய நிரல் வேண்டும் என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கே விதை போட்டவற்றில் ஒன்று இப்படிப்பட்ட பிரிண்டர்தான். எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு வந்த ஒரு லேசர் பிரிண்டரில் தாள் சிக்கும்போதெல்லாம் பயனருக்குத் தகவல் அனுப்பும்படி திருத்த நினைத்தார் அங்கே நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன். மூலநிரல் மறுக்கப்பட்டது. 1983-இல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் கொக்கிரகுளத்தில் ஒரு தட்டச்சுக் கடைக்காரன் அதே மூடிய நிரலோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. நான் வாங்கிய பெட்டியின் மேல் லினக்ஸில் இயங்கும் என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்துத்தான் முழு விலையையும் கொடுத்தேன். 64 பிட் டிரைவரை அந்த நிறுவனம் இன்றுவரை தரவில்லை; மூலநிரலையாவது கொடுங்கள், நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை.