சிதைந்த ஒலியோடு வாழ்வது குறித்து

காதுக்குள் ஓயாத இரைச்சலோடும், வெளியே எழும் ஒலிகள் உருக்குலைந்து வந்து சேரும் குறையோடும் பல ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறேன். எங்களைப் போன்றவர்களிடம் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் பெரும்பாலும் முடிவாகச் சொல்வது "பழகிக்கொள்ளுங்கள்" என்பதுதான். அதில் உண்மை உண்டு. ஆனால் எதற்குப் பழக முடியும், எப்படிப் பழகுவது, எதற்குப் பழகவே கூடாது என்பதை விளக்காமல் அந்த ஒரு சொல்லோடு அனுப்பிவைப்பது, நோயாளியைக் கைவிடுவதாகவே எனக்குப் படுகிறது.

இரைச்சலுக்கு ஓரளவு பழக முடியும். உட்செவியில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரணுக்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மட்டுமே இருக்கின்றன. அழிந்தால் அவை மனிதர்களுக்கு மீண்டும் உருவாவதில்லை. அங்கிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது, அதை ஈடுகட்ட மூளையின் கேட்புப் பகுதிகள் தம் உணர்திறனைக் கூட்டிக்கொள்வதால்தான் டின்னிட்டஸ் என்னும் இரைச்சல் எழுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் ஆய்வாளர்கள் இருவர், கேட்புக் குறை இல்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் அமர்த்தியபோது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகக் கூறினார்கள். ஒலி இருப்பதைவிட, அதை ஆபத்தாக மூளை கருதுவதே துன்பத்தைப் பெருக்குகிறது என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் உளவியல் முறையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இரைச்சலின் அளவைக் குறைப்பதில்லை, அது தரும் வேதனையைக் குறைக்கிறது. இரவில் முழு அமைதியைத் தவிர்த்து மெல்லிய ஒலியொன்றை ஓடவிடுவதும் பலருக்கு உதவுகிறது. இவற்றை நோயாளியே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை ஏன் இருக்க வேண்டும்?

ஒலிச் சிதைவு வேறு வகையானது. ஒரே சுரம் இரு காதுகளிலும் வெவ்வேறு உயரத்தில் கேட்கும்போது, நெடுநாள் பழகிய இசைகூடச் சுருதி விலகி ஒலிக்கிறது. உலோகத் தகட்டின் அதிர்வு ஒட்டிக்கொண்டதுபோல் மனிதக் குரல்கள் கரகரக்கின்றன. மயிரணுக்களில் ஒரு வகையான, மெல்லிய ஒலிகளைப் பெருக்கித் தரும் புற மயிரணுக்கள் சேதமடைந்தால் தணிந்த பேச்சு கேட்காது. அதையே சற்று உரக்கச் சொன்னால் தாங்க முடியாத அளவுக்குப் பாயும். இந்த இரண்டுக்கும் நடுவே வசதியாகக் கேட்கக்கூடிய இடைவெளி மிகவும் குறுகிவிடுகிறது. எனவே "கேட்கவில்லை" என்று நாங்கள் சொல்லும்போது கத்துவது உதவாது. முகத்தைப் பார்த்து, சற்று நிதானமாக, வேறு சொற்களில் சொல்வதே உதவும். நாள் முழுவதும் பிறர் பேச்சை இப்படிப் பிரித்தறிய முயல்வதால் வரும் களைப்பு எவ்வளவு என்பதைக் குடும்பத்தினரும் உடன் பணியாற்றுபவர்களும் உணர்ந்தால், நாங்கள் கூட்டங்களிலிருந்து ஒதுங்குவதைத் திமிர் என்று எண்ண மாட்டார்கள்.

இந்தச் சிதைவு வழக்கமான கேட்புப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆடியோகிராம் என்பது, அமைதியான அறையில், 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான தனி ஒலிகளை எவ்வளவு மெலிதாகக் கேட்கிறோம் என்பதை அளப்பது. அந்த ஒலிகள் எந்த வடிவில் வந்து சேர்கின்றன என்பதை அது கேட்பதே இல்லை. 2009-இல் குஜாவா, லிபர்மன் என்னும் ஆய்வாளர்கள், பலத்த ஓசைக்கு ஆளான எலிகளின் கேட்பு வரம்பு, அதாவது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் அளவு, பழைய நிலைக்குத் திரும்பிய பின்னரும், மயிரணுக்களை நரம்போடு இணைக்கும் முனைகள் பல நிரந்தரமாக அழிந்திருந்ததைக் காட்டினார்கள். ஆகவே அறிக்கை சரியாக இருப்பதால் காதும் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்வது தவறு. சுற்றுப்புற இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனை அளக்கும் பரிசோதனை தனியாக உண்டு. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

பழகவே கூடாத நிலைகளும் உண்டு. ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சலும், நாடித் துடிப்போடு ஒத்து ஒலிக்கும் இரைச்சலும் முறையாக ஆராயப்பட வேண்டியவை. ஓரிரு நாட்களுக்குள் ஒரு காதின் கேட்புத்திறன் திடீரெனக் குறைந்தால், சளியாக இருக்கும், காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குத் தரப்படும் ஸ்டீராய்டு சிகிச்சை, முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும்போதுதான் அதிகம் பயன் தரக்கூடும்.