செப்டிக் டேங்கும் நாம் போர்த்தும் சால்வையும்

கொரோனா காலத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டோம், பாதபூஜை செய்தோம். அதே தெருக்களில் இன்று டேங்க் நிரம்பினால் "உள்ளே இறங்க ஆள் கிடைக்குமா?" என்று விசாரிக்கிறார்கள். இந்த இரட்டை முகத்தோடு என்னால் ஒட்டவே முடியவில்லை. கை கூப்பும் கூட்டத்தில் நிற்கவே கூசுகிறது.

ஆள் ஏன் இறங்குகிறார்? மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழிவெடுக்க வேண்டிய டேங்கை பத்துப் பதினைந்து வருடம் திறப்பதே இல்லை. லாரி மேல்தண்ணியை உறிஞ்சிவிடும். அடியில் இறுகிய சேறு ஹோஸில் ஏறாது. நாப்கினும் பிளாஸ்டிக்கும் வேறு அடைத்துக்கொள்ளும். உடனே பேரம்: "மேல போட்டுத் தர்றோம், இறங்கிக் கொஞ்சம் கிளறி விடுப்பா."

அந்தக் கிளறல்தான் கொல்கிறது. சேற்றில் அடைபட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு குபீரென்று கிளம்பும். காற்றைவிடக் கனம் என்பதால் உள்ளேயே தேங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) தாண்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போனதும் வாயுவும் போய்விட்டதென்று நம்பி இன்னும் கீழே இறங்குவார். 1000 பிபிஎம்மில் ஓரிரு மூச்சிலேயே சாய்ந்துவிடுவார். தூக்கப் போகிற அடுத்த ஆளும் அப்படியே விழுவார். முகத்தில் கட்டிய துண்டோ சாதாரண மாஸ்க்கோ இதைத் தடுக்காது. உள்ளே வாயு இருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது அதைவிட ஆபத்து: காற்றில் மீத்தேன் என்ற எரிவாயு 5 சதவீதம் இருந்தாலே தீப்பிடித்து வெடிக்கும்.

இத்தனைக்கும் வழி எளிது. எல்லா மூடிகளையும் திறந்துவிட்டு, வெளியில் நின்றபடியே அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்து, மறுபடி உறிஞ்ச வேண்டும். லாரி இன்னொரு நடை வர வேண்டியிருக்கும். அந்த ஒரு நடைக் காசை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு மனுசனை இறக்குகிறோம்!

செத்த பிறகு சொல்வது: "அவராத்தான் இறங்கினாரு." மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ இறக்கக் கூடாது. முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சால்வை போர்த்துவதற்கு முன்னால், டேங்க் கடைசியாக எப்போது எடுத்தது என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் கழிவெடுக்க உதவும் எண்ணான 14420-க்கு அன்றைக்கே போன் போடுங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள், யாரையும் இறக்கவும் விடாதீர்கள். மூச்சுக் கருவியோடு வரும் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.