எடையைச் சொன்னால் என்ன குறைந்தா போய்விடும்?

எலக்ட்ரிக் கிடார் விற்கிற ஒருத்தருக்காவது அதன் எடை தெரியுமா? ஆன்லைனில் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்), ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு), கலர் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எடை என்று தேடினால் 6 கிலோ என்று இருக்கும். அது அட்டைப்பெட்டியோடு சேர்த்து, சாமி! உள்ளே இருப்பது மூன்றரையா நாலரையா? அதைத்தானே கேட்கிறேன்.

ஒரு கிலோவில் என்ன வந்துவிடும் என்கிறவர்கள் மே மாதத்தில் குடியாத்தம் சிரசுத் திருவிழா பக்கம் வந்து ஒரு ஆர்கெஸ்ட்ரா மேடையில் நின்று பாருங்கள். ராத்திரியிலும் அனல் அடிக்கும். மூன்று மணி நேரம் நின்றபடி வாசித்தால் இடது தோளில் பெல்ட் பதிந்த இடம் கன்றிப்போகும்.

வேலூரில் ஒரு கடையில் இதைக் கேட்டேன். "இன்னா சார், கிடார் வாங்க வந்தீங்களா, ஜிம்முக்கு வந்தீங்களா?" என்று சிரித்துவிட்டு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். குந்திக்கொண்டு தொடையில் வைத்தால் எந்தக் கிடாரும் சுகமாகத்தான் இருக்கும். பெல்ட் மாட்டி நின்று பார்க்கிறேன் என்றால், "பெல்ட் தனியா வாங்கணும் சார்."

எடை குறைவாக இருந்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான். கிப்சன் கம்பெனியின் எஸ்ஜி மாடலைப் பாருங்கள். மெல்லிய உடம்பு, பெரும்பாலும் 3 கிலோ சுமார்தான். ஆனால் பெல்ட் மாட்டும் குமிழ், கிடாரின் கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் இருக்கிறது. இடது கையை எடுத்ததும் தலைப்பக்கம் மெல்லத் தரையைப் பார்த்துச் சாயும். அப்புறம் கழுத்தைத் தாங்கிப் பிடிப்பதே கைக்கு வேலை, ஒரே விரலைக் குறுக்கே வைத்துத் தந்திகளை அழுத்தும் பார் கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு எங்கே தாவுவது? ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் மாடலில் உடம்பின் மேல் கொம்பு 12-வது ஃப்ரெட் வரை நீண்டு, அதன் நுனியில் குமிழ் இருப்பதால் அது தொங்கவிட்ட இடத்தில் நிற்கும். கிப்சனின் இன்னொரு மாடலான லெஸ் பால் சாயாது, ஆனால் தடித்த மஹோகனி, மேலே மேப்பிள். 4 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். ஒரே மாடலிலேயே மரத்துக்கு மரம் அரைக் கிலோ வரை வித்தியாசம் வரும். அதனால்தான் நான் வாங்கப்போகும் அந்தக் கிடாரையே தூக்கிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இதில் பட்ஜெட் வேறு. 20,000 ரூபாய் என்றால் கிடாருக்கு மட்டுமா? ஆம்ப்ளிஃபயர், கேபிள், பை எல்லாம் அதற்குள்தான். சாயும் கிடாருக்கு உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் பெல்ட் கொஞ்சம் கைகொடுக்கும். இவர்கள் தலையில் கட்டுவதோ வழுக்குகிற நைலான் பட்டை.

"சென்னைக்குப் போய்ப் பாருங்க" என்கிறார்கள். ஏன்? விஐடி, சிஎம்சி என்று ஊர் நிறையப் பிள்ளைகள், தெருவுக்கு ஒரு கிடார் பை நடமாடுகிறது. வாங்க ஆள் இல்லாத ஊரா இது? இன்னொருத்தர், "ஆன்லைன்ல வாங்கு, பிடிக்கலன்னா திருப்பி அனுப்பு" என்கிறார். நாலு கிலோ மரத்தைத் திரும்பப் பொட்டலம் கட்டி, கூரியர் பையனுக்காக லீவு போட்டுக் காத்திருந்து, பணம் எப்போது வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டு... இதெல்லாம் எனக்கு எதற்கு? சுவரில் தூசி படிந்து தொங்குகிறதே, அதை ஐந்து நிமிடம் என் தோளில் தொங்க விடுங்களேன் அண்ணே! காசு கொடுத்து வாங்கத்தானே வந்திருக்கிறேன்?