"பல்பு இருக்கும்போது இது எதற்கு?"

ஞாயிற்றுக்கிழமை அறிவியல் கூட்டத்து மேடையில் நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் பாக்டீரியாவை வைத்து ஒளிரச் செய்த குடுவையின் படத்தைத் திரையில் போட்டு, "பல்பு இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்டதும் அரங்கமே சிரித்தது. கேட்டவர் 30 வருடம் பாடம் நடத்தியவர். அதுதான் வலிக்கிறது.

அவர்கள் பல்பு செய்யவில்லை சார். உயிரிகளின் ஜீன்களை மாற்றி வடிவமைக்கும் சர்வதேச மாணவர் போட்டியான ஐஜெமுக்காக, 2010இல், இளநிலை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்த வேலை அது. கணவாயின் உடலில் குடியிருக்கும் விப்ரியோ ஃபிஷெரி பாக்டீரியாவின் ஆறு ஜீன்களை, ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். விப்ரியோ இயல்பாகக் கூட்டம் சேர்ந்தால்தான் ஒளிரும். இவர்கள் சுவிட்சையே மாற்றி, அரபினோஸ் என்ற சர்க்கரையைக் கொடுத்தால் ஒளிரும்படி செய்தார்கள். மின்மினிப் பூச்சியின் ஜீன் என்றால், ஒளிர்வதற்கான எரிபொருள் போன்ற லூசிஃபெரினை வெளியிலிருந்து ஊற்ற வேண்டும். இதில் தேவையானதை செல்லே தயாரித்துக்கொள்கிறது. அப்புறம் அந்தத் தொகுப்பை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுப் பதிவேட்டில் வைத்தார்கள். அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். வேலை அதுதான். எத்தனை வாட் என்பதல்ல.

கல்லூரியில் நானும் கணவாய்த் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டு ஆய்வக ஃப்ரிட்ஜில் வைத்தேன். இரண்டாம் நாள் ராத்திரி ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, கண் பழகும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கடுகளவு நீலப் புள்ளிகள், ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒளிரும் பாக்டீரியாக் கூட்டங்கள். காலையில் நாற்றம் என்று குப்பையில் கொட்டிவிட்டார்கள். என்ன அது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"ஆபத்தில்லையா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆய்வகத்தில் பழக்கப்பட்ட, நோய் உண்டாக்காத ஈ.கோலை வகை, மூடிய குடுவையில். அந்த அளவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

"மரத்தைத் தெருவிளக்காக்குவோம் என்றார்களே?" எவ்வளவு வெளிச்சம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒளிரும் செடி தருவதாக 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளத்தில் பொதுமக்களிடம் ஏறத்தாழ 4.84 லட்சம் டாலர் திரட்டி, 2017இல் கைவிட்டவர்கள் வேறு ஆட்கள். அந்தப் பழியை மாணவர்கள் தலையில் கட்டாதீர்கள். 2024இல் அமெரிக்காவில் காளான் ஜீன்களோடு ஒளிரும் பெட்டூனியா செடி விற்பனைக்கே வந்துவிட்டது. அதைப் பற்றி அந்த மேடையில் ஒரு வார்த்தை இல்லை.

என் மாணவி ஒருத்தி இரண்டாவது வரிசையில் இருந்தாள். போன வாரம்தான் இதே படத்தைக் காட்டி, "இதை நாம செய்ய முடியுமா மிஸ்?" என்று கேட்டவள். முதலில் அவள் சிரிக்கவில்லை. சுற்றி எல்லோரும் சிரிக்கவும், என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.