போடிமெட்டில் ஏறிய பேட்டரி

மின்சாரக் கார் வாங்கிய நாளிலிருந்து என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி, "மலை ஏறுமா?" என்பதுதான். போடியில் குடியிருப்பவனிடம் அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மேற்கே திரும்பினால் மலை. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அந்த மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள், ஏலத்தோட்டங்களை நம்பிப் பிழைக்கிறார்கள். நல்லது கெட்டதுக்கு மலையுச்சிக் கணவாயான போடிமெட்டு ஏறித்தான் ஆக வேண்டும். ஓராண்டாக ஏறி இறங்கிய பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்த வண்டி மலை ஏறுமா என்று கவலைப்படுவது வீண். அது எப்படி இறங்குகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் அதன் அருமை முழுவதும் இறக்கத்தில் இருக்கிறது.

தை மாதத்தில் அம்மா, மனைவி, மகளோடு மூணாறுக்குப் போனோம். பேட்டரி 40 யூனிட் கொள்ளும். ஆட்களும் மூட்டைகளும் சேர்த்து வண்டியின் எடை ஏறத்தாழ 1,900 கிலோ. வீட்டை விட்டுக் கிளம்பும்போது திரையில் 97 சதவீதம் இருந்தது. முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் எண் கிணற்றுக் கயிறுபோல் சரசரவென்று இறங்கியது. கிளம்பும்போது 280 காட்டியது, புலியூத்து அருவிக்கு மேலே 150ஐத் தொட்டது. "அப்பா, நாம திரும்பிப் போயிரலாமா?" என்றாள் மகள். உண்மையில் பயப்பட ஒன்றுமில்லை. கடைசியாக ஓடிய சில கிலோமீட்டரில் எவ்வளவு செலவானதோ, அதையே வழி நெடுகச் செலவாகும் என்று வைத்துக் கணக்குப் போடும் எண் அது. ஏற்றத்தில் அது அழும், இறக்கத்தில் அளவுக்கு மீறிக் குதிக்கும். சதவீதத்தை மட்டும் பார்த்து ஓட்டுவதே நல்லது. மெட்டில் நின்றபோது 76 சதவீதம் இருந்தது.

கணக்கைப் பள்ளிக்கூடப் பாடமாகவே பார்க்கலாம். போடிக்கும் மெட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,000 மீட்டர். 1,900 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க, வழியில் எதுவும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். டயர் உராய்வும் மோட்டாரில் போகும் இழப்பும் சேர்ந்து எனக்கு எட்டரை யூனிட் அளவு செலவாயிற்று. பெட்ரோல் வண்டிக்கும் இந்தச் செலவு உண்டு. ஆனால் அது மேலே ஏறச் சேர்த்த சக்தியை இறங்கும்போது பிரேக்கில் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. மின்சார வண்டியில் இறக்கத்தின்போது சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது, அப்படி அனுப்பும்போதே வண்டியை இழுத்தும் பிடிக்கிறது. இரண்டாம் கியரில் இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன புத்தியின் வேலையை இங்கே மோட்டாரே பார்த்துக்கொள்கிறது.

மெட்டிலிருந்து மூணாறு வரையிலான 42 கிலோமீட்டரை, இப்போது அகலப்படுத்தியிருக்கும் சாலையில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டும். பூப்பாறையில் ஏலக்காய் வாசனை உள்ளே வரும். ஆனையிறங்கல் அணையை ஒட்டித் தேயிலைச் சரிவுகள் தண்ணீருக்குள் இறங்குவதுபோல் தெரியும். இன்ஜின் சத்தம் இல்லாததால் குருவிச் சத்தம் கேட்கிறது, அம்மா மெல்லப் பேசுவதும் கேட்கிறது. ஆனால் இந்த அமைதியைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு மனம் வரவில்லை. அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்தது இந்தச் சின்னக்கானல் பக்கத்தில்தான். யானைகள் சாலையைக் கடக்கும் இடம் இது. டீக்கடையில் நின்ற ஒருவர், "ஆனைக்கு நீங்க வர்றது தெரியணும் சார். சத்தமில்லாம முன்னால போய் நின்னா அதுவும் மிரளும், நீங்களும் மிரளுவீங்க" என்றார். அந்த வழியில் இருட்டும் முன்பே திரும்பிவிடுவது என்று அன்று முடிவு செய்தேன்.

மூணாறில் எனக்கு வாய்த்த வேகச் சார்ஜர் வேலை செய்யவில்லை. திரையில் வெளிச்சம் இருந்தது, வயரில் உயிர் இல்லை. அதற்கான செயலியைத் திறந்தால் ஓடிபி வர வேண்டும், ஓடிபி வர சிக்னல் வேண்டும், சிக்னலுக்கு எதிர்மேட்டில் ஏற வேண்டும். மேட்டில் நான் ஓடிபி வாங்கி இறங்குவதற்குள் அதன் ஆயுள் முடிந்திருந்தது. ஒட்டியிருந்த தொலைபேசி எண்ணை யாரும் எடுக்கவில்லை. புதுச் சார்ஜர்களைத் திறந்து வைப்பதில் காட்டும் ஆர்வத்தில் கால்வாசியைப் பழையவற்றைப் பார்த்துக்கொள்வதில் காட்டினால் போதும் என்பேன். பக்கத்திலிருக்கும் பள்ளிவாசல் என்ற ஊரில் 1940லேயே தண்ணீரை விழவைத்து மின்சாரம் எடுத்தார்கள், கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிளக்குக்காக மேடேறி இறங்கினேன்.

திரும்பும் வழியில் இரவு மெட்டுக்கு அருகே அத்தையின் தோட்டத்து வீட்டில் தங்கினோம். 38 சதவீதம் மிச்சமிருந்தது. மோட்டார் ஓட்டுவதற்காகப் போட்டிருந்த பதினைந்து ஆம்பியர் பிளக்கில் செருகினால், சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு விடாமல் மினுக்கியது. எர்த் கிடைக்கவில்லை. அத்தை ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்புறம் போனார். உப்பும் கரியும் போட்டு எர்த் கம்பி இறக்கிய குழி அங்கே காய்ந்து கிடந்தது. இரண்டு வாளித் தண்ணீர் உள்ளே போனதும் சிவப்பு பச்சையானது. "மோட்டாருக்கும் இதே வைத்தியந்தான்யா" என்றார்.

காலையில் 100 சதவீதம் இருந்ததைப் பார்த்து மகிழ்ந்தேனே, அதுதான் நான் செய்த தப்பு. நிறைந்த குடத்தில் எதை ஊற்றுவது? பேட்டரி வாங்கிக்கொள்ள இடமில்லாததால் மோட்டார் இழுத்துப் பிடிக்க மறுத்துவிட்டது. முதல் ஐந்தாறு வளைவுகளைக் கால் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன். புலியூத்து வருவதற்குள் கருகல் வாசனை. வண்டியை ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறப்போட்டோம். அதற்குப் பிறகு மேலே தங்கினால் எண்பதுக்கு மேல் ஏற்றுவதே இல்லை. சென்ற மாதம் 61 சதவீதத்தோடு மெட்டை விட்டுக் கிளம்பி முந்தலைத் தொட்டபோது 65 இருந்தது. கீழே இறங்கும் வரை பிரேக்கில் கால் வைத்தது சில தடவைகள்தான். மூணாறு போகும் நண்பர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றைத்தான்.

அன்று முந்தலில் அந்த 65ஐ எட்டிப் பார்த்தவர் ஒரு ஜீப் ஓட்டுநர். தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியலில் மேலே போய்ச் சாயங்காலம் இறங்கும் ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என எல்லா வழிகளிலும் ஓடுகின்றன. ஆண்டுக்கு நாலு முறை ஊர் சுற்றப் போகும் என்னைவிட, தினமும் சுமையோடு ஏறி இறங்கும் அவர்களுக்குத்தான் இந்த நுட்பம் முதலில் போய்ச் சேர வேண்டும் என்று அவரைப் பார்த்ததும் உறைத்தது.

"இறங்குறப்ப ஏறுமா தம்பி? நெசமாவா?" என்று இரண்டு முறை கேட்டார். ஏறப் பிடித்த எட்டரை யூனிட்டையும், வெளியே சார்ஜ் செய்தால் யூனிட்டுக்கு நான் கொடுக்கும் இருபது ரூபாயையும் சொன்னேன். விரல் மடக்கித் தன் டீசல் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "பன்னெண்டு பேரை வச்சுத் தோட்டத்து மண்ரோட்டுல ஏறுற மாதிரி இதுல ஒரு வண்டி எப்ப வரும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.