ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போறவங்க இருக்காங்க

கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க. ரொம்ப நாளா மனசுல கெடந்து உறுத்திட்டே இருக்கு, இன்னிக்கு எழுதிரணும்னு உக்காந்துட்டேன்.

எனக்கு வீடு கூடுவாஞ்சேரி. வேலை தி.நகர்ல, ஒரு சின்ன ஆபீஸ்ல கணக்கு பாக்குறேன். முன்னாடி மேற்கு மாம்பலத்துல வாடகைக்கு இருந்தோம், ஆபீஸுக்கு நடந்தே போயிருவேன், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டு போன நாளெல்லாம் உண்டு. ஹவுஸ் ஓனர் வாடகைய ஏத்திட்டே போனாரு, பொண்ணு ஸ்கூல் ஃபீஸ், மாமியாருக்கு மருந்து எல்லாம் சேர்ந்து கழுத்த நெரிக்க, தாம்பரம் தாண்டினாதான் நம்ம பட்ஜெட்டுக்கு வீடுன்னு ஆயிருச்சு. வீட்டுக்காரருக்கு ஒரகடத்துல வேலை, கம்பெனி பஸ் தெருமுனைல வந்து நிக்கும். எனக்கு எலக்ட்ரிக் ட்ரெயின்தான்.

காலைல ஏழே முக்காலுக்கு வீட்ட விட்டு இறங்குனா ஷேர் ஆட்டோ புடிச்சு, ஸ்டேஷன் படியேறி, வர்ற ட்ரெயின்ல ஏறி, மாம்பலத்துல இறங்கி நடந்து சீட்ல போய் உக்காரும்போது ஒம்பதரைய நெருங்கிரும். ஒரு வழிக்கு ஒன்னே முக்கா மணி நேரம்னா போக வர மூன்றரை. மாசம் 25 நாள் வேலைன்னு வைங்க, 87 மணி நேரத்துக்கும் மேல. கணக்கு பாக்குறவ இல்லையா, ஒரு நாள் ட்ரெயின்ல நின்னுட்டே இத எட்டு எட்டா வகுத்துப் பாத்தேன். கிட்டத்தட்ட 11 நாள் வேலை. மாசாமாசம் 11 நாள் வேலைய நான் சம்பளம் இல்லாம ரோட்லயும் தண்டவாளத்துலயும் செஞ்சுட்டு இருக்கேன். அன்னிக்கு வயித்தக் கலக்கிருச்சு எனக்கு.

ஆனா ஒன்னு சொல்லிடறேன், இந்த ட்ரெயின் மேல எனக்குக் கோவம் கெடையாது. இந்த ட்ரெயின் இல்லன்னா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு சென்னையே இல்ல. எங்கப்பா குரோம்பேட்டைலேர்ந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போனவரு, மீட்டர் கேஜ் வண்டியில, அதான் அந்தக் குறுகலான தண்டவாளத்துல ஓடுன வண்டியில, போய் வந்தே ரிட்டையர் ஆனவரு. பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் எலக்ட்ரிக் ட்ரெயின் ஓட ஆரம்பிச்சது 1931ல, வெள்ளைக்காரன் காலத்துல. 2004 ஜூலையில அந்த மீட்டர் கேஜ் வண்டிய நிறுத்துனப்ப சொந்தக்காரங்க யாரோ செத்துட்ட மாதிரி எங்கப்பா ரெண்டு நாள் பேசாம இருந்தாரு. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம்னு இந்தப் பக்கம் ஊரு வளந்ததே அந்தத் தண்டவாளத்தப் புடிச்சுக்கிட்டுதான். இன்னிக்கும் எனக்கு மாச சீசன் 200 ரூபாய்க்குள்ள முடியுது. வேற எதுல இந்தக் காசுக்கு தினமும் கூடுவாஞ்சேரிலேர்ந்து மாம்பலம் போய் வர முடியும் சொல்லுங்க.

லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல போறவங்களுக்குத் தெரியும், அங்க எங்களுக்குள்ள ஒரு முறை இருக்கு. ஏறுன உடனே உக்காந்திருக்கறவங்க கிட்ட "எங்க இறங்குவீங்க"ன்னு கேக்கணும். தாம்பரம்னு ஒருத்தங்க சொன்னா அந்த சீட்டு அப்பவே நமக்கு, நடுவுல வேற யாரும் வந்து உக்கார மாட்டாங்க, உக்காந்தாலும் நாலு பேர் சொல்லி எழுப்பி விட்டுருவாங்க. மூணு பேர் உக்கார்ற சீட்ல "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா"ன்னா நாலு பேர் ஆயிரும். சாயங்காலம் பாத்தா கீரை ஆயறவங்க, அவரைக்கா நார் உரிக்கிறவங்க, பூ கட்டறவங்கன்னு பாதி சமையலறை ட்ரெயின்ல இருக்கும். வீட்டுக்குப் போய் அடுப்புதான் பத்த வைக்கணும், அந்த நேரத்தையாவது இங்க மிச்சம் புடிக்கலாம்னுதான் செய்யறாங்க. இதப் பாத்து ரசிச்சு போட்டோ புடிச்சுப் போடறவங்க இருக்காங்க, எனக்கு அதுல ரசிக்க ஒன்னும் தோணல, அவ்ளோ அலுப்பு அந்த மொகத்துல எல்லாம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன்.

மறைமலைநகர்ல ஏறுற ஒரு பொண்ணு, இருபத்திரெண்டு இருபத்திமூணு வயசு இருக்கும், தி.நகர்ல ஒரு துணிக்கடைல சேல்ஸ்ல இருக்கா. காலைல அடிக்கடி பாப்பேன், சிரிப்போம், அவ்ளோதான் பழக்கம். மார்ச் மாசம் கணக்கு முடிக்கிற நேரம், ஒரு நாள் ராத்திரி நான் ஆபீஸ் விட்டுக் கிளம்பவே ஒம்பதே முக்கா ஆயிருச்சு. ஓடி வந்து ட்ரெயின் ஏறுறேன், லேடீஸ் பெட்டி பாதி காலி. இந்தப் பொண்ணும் கூட இன்னும் மூணு பேரும், எல்லாம் அதே கடை யூனிஃபார்ம் புடவை, சீட்ல உக்காராம கீழ தரையில உக்காந்து முதுக சாச்சுட்டு கால நீட்டிட்டு இருக்காங்க. செருப்பக் கழட்டி பக்கத்துல வச்சிருக்காங்க. கணுக்கால் ரெண்டும் உப்பி, செருப்பு வார் பதிஞ்ச இடம் பள்ளமா சிவந்து கெடக்கு.

"ஏம்மா, சீட்டுதான் காலியா இருக்கே, எதுக்குக் கீழ உக்காந்திருக்க"ன்னு கேட்டேன்.

"சீட்ல உக்காந்தா காலு தொங்கும்லக்கா, இன்னும் வீங்கிரும். காலைலேர்ந்து நின்னது. வீட்டுக்குப் போறவரைக்கும் நீட்டிட்டு இருந்தாதான் நாளைக்கு செருப்பு மாட்ட முடியும்."

எனக்கு அதுக்கு மேல என்ன பேசறதுன்னு தெரியல.

அந்தப் பொண்ணு காலைல மறைமலைநகர்லேர்ந்து பல நாள் நின்னுட்டுதான் வரும், வயசானவங்க யாராவது ஏறுனா "உக்காருங்கம்மா"ன்னு அதுவே எழுந்திரிச்சிரும், நானும் ஒன்னு ரெண்டு தடவ அந்த சீட்ல உக்காந்து வந்திருக்கேன். பத்து மணி நேரத்துக்கு மேல நின்னு வேலை பாக்கப் போற பொண்ணோட சீட்டு, போய் நாற்காலியில உக்காந்து வேலை பாக்கப் போற எனக்கு. எனக்கு அது அப்ப தோணவே இல்ல.

2021ல நம்ம சட்டசபையில கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்தாங்க, கடையில வேலை பாக்கறவங்க எல்லாருக்கும் உக்கார வசதி பண்ணித் தரணும்னு. கேரளாவுல 2018லயே வந்துருச்சு. நல்ல சட்டம், நம்ம ஊர்ல இது வந்ததுக்கு நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட இதச் சொன்னப்ப "ஸ்டூல் இருக்குக்கா, கஸ்டமர் இருக்கும்போது யாரு உக்கார முடியும், எங்களுக்குக் கஸ்டமர் இல்லாத நேரம் ஏது"ன்னு சொல்லுச்சு. சட்டம் வந்துருச்சு, உக்காரத்தான் நேரம் வரல.

சரி, கடையில நிக்கறாங்க. போகும்போதும் வரும்போதுமாவது உக்காரலாமில்லையா? அதுக்கு ட்ரெயின் அடிக்கடி வரணும். தாம்பரம் வரைக்கும் இருக்கற அளவுக்கு தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் வண்டி கெடையாது, பாதி வண்டி தாம்பரத்தோட நின்னுரும். ஒன்னு விட்டா அடுத்ததுக்குக் காத்திருக்கணும், அதனால வர்ற வண்டியில எல்லாரும் முட்டி மோதி ஏறுறோம். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி எல்லாம் இப்ப கிராமம் இல்லைங்க, அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டா நிக்குது, அத்தனை பேரும் சிட்டிக்குள்ள வரணும். கிளாம்பாக்கத்துல 2023 டிசம்பர் 30 அன்னிக்கு அவ்ளோ பெரிய பஸ் நிலையத்தத் திறந்தாங்க, பக்கத்துலயே ட்ரெயின் ஓடுது, ஆனா அது நிக்க ஒரு ஸ்டேஷன் இல்லாமலே திறந்தாங்க. முதல்ல கட்டடம், ஜனங்க எப்படி வந்து சேருவாங்கன்றது அப்பறம்.

இதெல்லாத்தையும் விட எனக்கு ஆறாத விஷயம் ஞாயித்துக்கிழமை.

ஞாயித்துக்கிழமைக்கு தனி டைம்டேபிள், வண்டி கம்மி. தண்டவாள வேலை, சிக்னல் வேலை எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கிழமைதான் வைப்பாங்க. ஆபீஸ் லீவு, கூட்டம் இருக்காதுன்னு கணக்கு. யாரோட கணக்கு இது? தி.நகர்ல ஞாயித்துக்கிழமை போய் நின்னு பாருங்க, ரங்கநாதன் தெருவுல கால் வைக்க இடம் இருக்காது. நாம லீவு நாளுன்னு பொடவை எடுக்கப் போறோம்ல, அந்தப் பொடவைய விரிச்சுக் காட்டறதுக்கு ஒருத்தி காலைல ட்ரெயின் ஏறி வந்திருக்கணும்ல? ஆடித் தள்ளுபடி, தீபாவளி வந்துட்டா அவங்களுக்கு லீவே கெடையாது. துணிக்கடை மட்டும் இல்ல, ஆஸ்பத்திரி நர்ஸம்மா, செக்யூரிட்டி, ஓட்டல்ல பாத்திரம் கழுவறவங்க, மால்ல க்ளீனிங் பண்றவங்க, இவங்க யாருக்கு ஞாயித்துக்கிழமை லீவு? வாரத்துலயே அதிகமா நிக்க வேண்டிய நாள்ல ட்ரெயினுக்கும் அதிக நேரம் பிளாட்பாரத்துல நிக்கறாங்க. பராமரிப்பு வேலை வேண்டாம்னு நான் சொல்லல, அது நடந்தாதான் நம்ம உயிருக்குப் பாதுகாப்பு. ஆனா ஞாயித்துக்கிழமை போறவங்க யாரு எவருன்னு ஒரு தடவ எண்ணிப் பாத்துட்டு அப்பறம் வண்டியக் குறைங்கன்னுதான் கேக்கறேன்.

கூட்டத்தப் பத்திப் பேசும்போது எனக்கு எப்பவும் 2018 ஜூலை 24 ஞாபகம் வந்துரும். எக்ஸ்பிரஸ் போற லைன்ல திருப்பி விட்ட லோக்கல்ல படியில தொங்கிட்டு வந்த பசங்க, பரங்கிமலை ஸ்டேஷன்ல பக்கத்துச் சுவர்ல அடிபட்டு செத்துப் போனாங்க. படியில நிக்காதன்னு சொல்றது ரொம்ப ஈஸி. உள்ள எடம் இருந்தா எவன் நிப்பான், அடுத்த வண்டி அஞ்சு நிமிஷத்துல வரும்னா எவன் தொங்குவான்.

எங்க ஆபீஸ்லயும் மூணு நாள் லேட்டா வந்தா அரை நாள் சம்பளம் போயிரும். ஒரு தடவ நல்ல மழை, தண்டவாளத்துல தண்ணி நின்னு வண்டி ஊர்ந்து ஊர்ந்து வந்துச்சு, நான் விரல் வைக்கும்போது மணி பத்து இருபது. ஸ்டேஷன்ல நின்ன வண்டிய போட்டோ எடுத்துக் காட்டுனேன். "மழைன்னு தெரியும்ல, ஒரு வண்டி முன்னாடி கிளம்பிருக்கலாமே"ன்னு சொன்னாங்க. அப்படிச் சொன்னவங்க நடந்து வர்ற தூரத்துல இருக்கறவங்க. ஒரு வண்டி முன்னாடின்னா எனக்கு ஆறரைக்கெல்லாம் அடுப்ப அணைக்கணும், பொண்ணுக்கு யாரு தலை பின்னுவா, மாமியாருக்கு யாரு ஊசி போடுவா? தூரத்துலேர்ந்து வர்றவங்களுக்கு ஒரு அரை மணி நேரம் முன்ன பின்ன விட்டுக் குடுத்து, சாயங்காலம் அத ஈடு பண்ணச் சொன்னா எந்த ஆபீஸும் நட்டப்படாது. காசு செலவில்லாம இன்னிக்கே செய்யக்கூடியது இது, மொதலாளிமார்கள் யாராவது படிச்சா தயவு செஞ்சு யோசிங்க.

இன்னொன்னும் சொல்லணும். 2021 மே மாசம் சாதாரண கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லன்னு ஆனதுலேர்ந்து "ஓசி பஸ்"னு ஒரு பேச்சு இருக்கு பாருங்க, அத கேக்கறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். மாநிலத் திட்டக்குழு செஞ்ச ஆய்வுல ஒரு பெண்ணுக்கு சராசரியா மாசம் 888 ரூபா மிச்சமாகுதுன்னு வந்துச்சு. எங்க தெருவுல வீட்டு வேலைக்குப் போற அக்கா, பஸ் செலவு மிச்சமாகுதுன்னு தைரியம் வந்துதான் தாம்பரத்துல இன்னொரு வீடு கூடுதலா ஒத்துக்கிட்டாங்க. போக்குவரத்துல காசு கொறஞ்சா பொம்பளைங்க வெளிய வந்து சம்பாதிப்பாங்க, கண்ணு முன்னாடி பாத்துட்டு இருக்கேன். அதே நேரத்துல 2025 ஏப்ரல்ல எங்க லைன்ல ஏசி லோக்கல் விட்டாங்க, குறைஞ்சது 35 ரூபா, பீச்சுலேர்ந்து செங்கல்பட்டு வரைக்கும் 105 ரூபா. வரட்டும், வசதி உள்ளவங்க கார விட்டுட்டு அதுல வந்தா நல்லதுதான். ஆனா அதுல பீச்சுலேர்ந்து செங்கல்பட்டுக்கு ஒரு நாள் போக வரக் குடுக்கற காசு என் ஒரு மாச சீசன தாண்டிரும். அந்தப் பொண்ணு அதுல ஏறப் போறதில்ல. அவளுக்கு வேண்டியது சாதா வண்டிதான், அது நெறைய வேணும், ராத்திரி பத்து மணிக்கும் வேணும், ஞாயித்துக்கிழமையும் வேணும்.

இப்பல்லாம் நான் ஏறுனா அந்தப் பொண்ண எழுந்திரிக்க விடறதில்ல. எனக்கு சீட்டு கெடைச்சு அவ நின்னுட்டு இருந்தா கூப்பிட்டுத் தள்ளி உக்கார வச்சிருவேன். "இருக்கட்டும்க்கா"ன்னுதான் சொல்லும், உக்காந்த ரெண்டாவது நிமிஷம் தூங்கிரும், தலை என் தோள்ல வந்து விழும். சைதாப்பேட்டை தாண்டுனதும் தட்டி எழுப்புவேன், மாம்பலத்துல சேர்ந்தே இறங்குவோம்.

ரயில்வே கோட்ட மேலாளருக்கு ஒரு மனு எழுதலாம்னு இருக்கேன், தாம்பரம் செங்கல்பட்டு ஞாயித்துக்கிழமை வண்டியப் பத்தியும் ராத்திரி ஒம்பதரைக்கு மேல வர்ற வண்டியப் பத்தியும். என் ஒருத்தி பேச்சா இருந்தா எடுபடாது. ஞாயித்துக்கிழமை இந்த லைன்ல வேலைக்குப் போறவங்க, இல்ல உங்க வீட்ல யாராவது போறவங்க இருந்தா, எந்த ஸ்டேஷன், எத்தன மணிக்கு வந்தீங்க, எத்தன நிமிஷம் நின்னீங்கன்னு மட்டும் கீழ எழுதுங்க. பேரு, கடை பேரு எதுவும் வேண்டாம். நாலு வாரத்துக்குச் சேத்து வச்சு நானே நோட்ல தேதி வாரியா எழுதி எடுத்துட்டுப் போறேன்.